ஷிப்டு வேலைக்கு நடுவுல சொந்தமா ஒன்னு உருவாக்கணும்: எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசிங் (ஆர்டரைப் பார்த்துக்கற) வேலை. காலையில எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய. பையர் (ஆர்டர் குடுக்கறவர்) அனுப்பற டெக் பேக்ல (அளவு, டிசைன் விவரத்தாள்) இருக்கறதை மில்லிமீட்டர் மாறாம செஞ்சு குடுக்கணும். அதுல நம்ம யோசனைக்கு எடமில்லை. ஆனா சொந்தமா எதாச்சும் உருவாக்கணும்னு கை பரபரங்குது.

தெனமும் கொஞ்சம் நேரம் ஒதுக்கறது நல்லதா, ஞாயித்துக்கெழமை முழுசா உக்காரறது நல்லதா? தையல், கோலம், ஓவியம், பட்டறை வேலைன்னு இத்தனை இருக்கு, எதை எடுக்கறது? நெட்டுல பார்த்துச் செஞ்சா அது நம்முளுது ஆகுமா? "மனசு வெச்சா முடியும்"ங்கற பதில் வேண்டாமுங்க. அளவு, முறை, எங்க கெட்டுப்போகும், அதுக்கு என்ன பண்ணணும், இது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பவானித்தறி (பவானி)

எதை எடுக்கறதுன்னு வெளிய தேட வேண்டியதில்லைங்க தம்பி. தெனமும் கையில படற பொருள் எதுவோ அதுலயே ஆரம்பிங்க. உங்களுக்கு அது நூலும் துணியும். பழகின பொருள்ல எது நடக்கும், எது நடக்காதுன்னு விரலுக்கே தெரியும். புதுப்பொருளை எடுத்தா முதல் ஆறு மாசம் அதைப் பழகறதுலயே போயிரும், யோசனை பக்கம் வரவே மாட்டீங்க.

இன்னொன்னு. "என்ன வேணா செய்யலாம்"னு உக்காந்தா ஒன்னுமே வராது. நாலு விஷயத்தைக் கட்டிப்போட்டு ஒன்னை மட்டும் அவுத்து விடணும். பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கங்க. முரட்டுப் பருத்தி நூல், குழித்தறி, நீள நீளமா வண்ணப் பட்டை, அவ்வளவுதான். புவிசார் குறியீடு வரைக்கும் போனது அந்தப் பட்டையோட அகலத்தையும் அடுக்கையும் வெச்சு.

நூல் அட்டைப் பயிற்சின்னு ஒன்னு இருக்கு. இதுல ஆரம்பிங்க.

கல்யாணப் பத்திரிகை அட்டை கனத்துல 4 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்குத் துண்டு வெட்டிக்கங்க. பின்பக்கம் நீளவாக்குல ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் ஒரு வரி. நூல் 2/20 (20ஆம் நம்பர் நூல் ரெண்டு இழை முறுக்கினது) மாதிரி கொஞ்சம் தடிமனா இருந்தா கண்ணுக்கும் கைக்கும் சுலபம். நாலே நாலு நிறம். அட்டை மேல நூலை நெருக்கமா, ஒரு சுத்தை ஒட்டி அடுத்த சுத்து வர்ற மாதிரி சுத்துங்க. டேப் நூலைப் பிடிச்சுக்கும்.

நிறம் மாறக்கூடாது, நிறங்களோட வரிசை மாறக்கூடாது. அகலம் மட்டும்தான் மாறும். முதல் அட்டை: நாலும் சமமா 1 செ.மீ. ரெண்டாவது: 2, 4, 8, 16 மி.மீ. மூணாவது: ஒரு நிறம் அட்டையில முக்காவாசி, மத்த மூணும் கால்வாசிக்குள்ள. இப்படி பன்னெண்டு அட்டை. அஞ்சாறு சுத்தினதும் "இதுக்கு மேல என்ன இருக்கு"ன்னு தோணும். அங்க நிறுத்திரக் கூடாது. முதல் அஞ்சாறு எல்லாம் ஏற்கெனவே எங்கயோ பார்த்ததுதான் வரும். நம்முளுதுன்னு சொல்லிக்கறது அதுக்குப் பொறவுதான் எட்டிப்பார்க்கும்.

தப்பு எங்க வரும்னா: இழுத்துச் சுத்தினா அட்டை வளையும். ஓரத்துல நூல் ஒன்னு மேல ஒன்னு ஏறி பட்டைக்கோடு கோணும். நூலை இழுக்காம அட்டையைத் திருப்பிச் சுத்துங்க. ரெண்டாவது, கையில வெச்சே பார்த்து முடிவு பண்ணறது. செவுத்துல ஒட்டி பத்தடி தள்ளி நின்னு பாருங்க. சிவப்பும் பச்சையும் ரெண்டு மி.மீ. பட்டையா மாறி மாறி வந்தா தூரத்துல மண் நிறமாத்தான் தெரியும். அந்த நிறங்களே வேணும்னா பட்டையை அகலமாக்குங்க, இல்லைன்னா நடுவுல ரெண்டு சுத்து வெள்ளையோ கருப்போ விடுங்க. மூணாவது வெளிச்சம். டியூப்லைட்ல ஒன்னா இருக்கற ரெண்டு நீலம் வெயில்ல ரெண்டாத் தெரியும். உங்க கம்பெனி லைட் பாக்ஸ்ல (நிறம் பார்க்கற பெட்டி) டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட் வெளிச்சம்) ரெண்டுலயும் வெச்சுப் பாருங்க.

அட்டைக்குப் பின்னாடி தேதியும், எதை மாத்தினோம்ங்கறதும் ஒரு வரி. நல்லா வராததையும் வீசாதீங்க.

பீளமேட்டுப் பட்டறை (கோயமுத்தூர்)

தறிக்காரர் சொன்னதுக்கு மேல ஒன்னு சேர்க்கறேனுங்க. அட்டை சுத்தறது கண்ணுக்குப் பயிற்சி. வேலை எடத்துல புதுசு உருவாகறதுக்கு வேற ஒரு வாசல் இருக்கு. எரிச்சல்.

பாக்கெட் நோட்டு ஒன்னு வாங்கி "எரிச்சல் நோட்டு"ன்னே பேர் வைங்க. வேலையில எதெல்லாம் கையைத் தடுக்குதோ, திரும்பத் திரும்ப எதுக்குக் குனியறோமோ, எதைத் தேடறோமோ, நடந்த உடனே ஒரு வரி எழுதணும். சாயங்காலம் ஞாபகப்படுத்தி எழுதினா உதவாது. அதுக்குள்ள பழகிப்போயி அது எரிச்சலாவே தெரியாது. ஆள் மேல வர்ற எரிச்சல் இந்த நோட்டுல வரக்கூடாது. பொருள், எடம், வரிசை, இது மூணு மேல வர்றது மட்டும்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒவ்வொரு வரியையும் கேள்வியா மாத்துங்க. "லேபிள் ரோல் சிக்கிக்குது"ன்னு இருந்தா, "ரோலை எடுக்காமலே லேபிள் கைக்கு வர என்ன பண்ணலாம்?" அந்தக் கேள்வியைத் தலைகீழாவும் போட்டுப் பாக்கணும். நகர்றதை நிறுத்து, நிக்கறதை நகர்த்து. நம்ம ஊர் வெட் கிரைண்டர் அப்படித்தான் இருக்கு. ஆட்டுக்கல்லுல கல் நிக்கும், குழவி சுத்தும். கிரைண்டர்ல கல் சுத்தும், குழவியை ஒரு எடத்துல பிடிச்சு நிறுத்தியாச்சு. குழவியைச் சுத்தற கையோட அசைவை மோட்டாரால காப்பியடிக்கறது சிரமம். கீழ இருக்கற கல்லை பெல்ட் போட்டுச் சுத்தறது சுலபம். 1955ல பி. சபாபதிங்கறவரு கோயமுத்தூர்ல இதைச் செஞ்சாருன்னு பதிவு இருக்கு, பொறவு ஊரே இந்தத் தொழில்ல எறங்கிருச்சு.

இன்னொரு வழி, பெரிய எயந்திரம் ஒன்னு செய்யறதைச் சின்னச் சின்ன வேலையா உடைக்கறது. அருணாசலம் முருகானந்தம் சானிட்டரி நாப்கின் மெஷினுக்குச் செஞ்சது அது. நாரைப் பிரிக்கறது, அச்சுல அமுக்கி வடிவம் குடுக்கறது, உறை போட்டு ஒட்டறது, புற ஊதா வெளிச்சத்துல கிருமி நீக்கறதுன்னு நாலு தனி வேலையாப் பிரிச்சாரு. ஒவ்வொன்னும் எளிய கருவி ஆனதால பெண்கள் குழுக்களே வாங்கி ஓட்ட முடிஞ்சுது. 2016ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

நொய்யல்கரை

நோட்டு இன்னைக்கே வாங்கிட்டேனுங்ணா. பட்டியல் நீளமாயிட்டா அதுல எதை எடுக்கறது?

பீளமேட்டுப் பட்டறை

மூணு சல்லடையில சலிங்க. அது தெனமும் நடக்குதா? இரநூறு ரூபாய்க்குள்ள, ஸ்கிராப்லயே சோதிச்சுப் பார்க்க முடியுமா? தப்பாப் போனா யாருக்கும் காயமோ சரக்குக்கு நஷ்டமோ வராம இருக்குமா? மூணுக்கும் ஆமான்னா அதுல ஆரம்பிங்க. பெரிய பிரச்சினையை மொதல்லயே எடுக்கறதுதான் பலபேர் பாதியில விடறதுக்குக் காரணம்.

பட்டறை ஆளுக பலபேர் இங்க படிக்கறாங்க, அதனால ஒரு உதாரணம் முழுசாப் போடறேன். பம்ப் பாடி ஃபிளாஞ்சுல (போல்ட் போட்டு மாட்டற விளிம்பு) துளை போடணும். ஒவ்வொன்னுக்கும் மார்க்கிங் பண்ணி, பஞ்ச் அடிச்சு, டிரில் பண்ணறாங்க. எரிச்சல்: மார்க்கிங் நேரம். யோசனை: டிரில் ஜிக், அதாவது பீஸைப் பிடிச்சு வெச்சு டிரில்லைச் சரியான எடத்துக்கு வழிகாட்டற சட்டம்.

நேரா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டை வெட்டப் போகாதீங்க. மொதல்ல கனமான அட்டையிலயோ எம்.டி.எஃப். பலகையிலயோ ஒன்னு. ஃபிளாஞ்சு மேல வெச்சு எடுத்துப் பாருங்க. பாதி தப்பு அங்கயே தெரிஞ்சிரும்: கை நுழையாது, கிளாம்ப் டிரில் ஹெட்டுல இடிக்கும், எடுக்கறப்ப பீஸ் சிக்கும். பீஸ் உக்கார்ற மாதிரி அடியில மூணு புள்ளி, ஒரு பக்கம் ரெண்டு, இன்னொரு பக்கம் ஒன்னு. நாலு கால் வெச்சா வார்ப்புப் பீஸ் ஆடும், மூணுன்னா ஆடாது. டிரில் புஷ்ஷுக்கும் (ஜிக்குல டிரில் நுழையற குழாய்) பீஸுக்கும் நடுவுல இடைவெளி விடணும். காஸ்ட் அயர்ன் சில்லு பொடியா வரும், அதனால துளை விட்டத்துல பாதி போதும். எஃகுன்னா சுருள் நீளமா வரும், ஒரு விட்டம் விடுங்க. ஒட்ட வெச்சா சில்லு புஷ்ஷுக்குள்ள ஏறி புஷ்ஷையும் டிரில்லையும் தின்னுரும். அதிகம் விட்டா டிரில் அலைஞ்சு துளை தள்ளிப்போகும்.

கடைசியா, பீஸைத் திருப்பி வெச்சா உக்காராத மாதிரி ஒரு பின்னை மையத்துல இருந்து தள்ளிப் போடுங்க. "கவனமா வைங்க"ன்னு போர்டு எழுதி மாட்டறதைவிட அந்தப் பின் மேல். படைப்பாற்றல்ங்கறது இந்த ஒரு பின்லயும் இருக்குதுங்க. ஓவியம், பாட்டுக்கு மட்டும் அதை ஒதுக்கி வெக்கறது எனக்கு ஒப்புதலில்லை.

கோல நோட்டு (கோபி)

அண்ணா, செலவே இல்லாத ஒன்னு சொல்றேன். சிக்குக்கோலம். வாசல்ல போடறது அப்பறம், மொதல்ல கட்டம் போட்ட நோட்டுல.

புள்ளியைச் சுத்தி வளைஞ்சு, பக்கத்துப் புள்ளியோட நடுவுல வெட்டிக்கிட்டுப் போற சாதாரணக் கம்பிக்கோலத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. குறுக்க எத்தனை புள்ளி, நெடுக்க எத்தனை புள்ளின்னு எடுத்து, ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி பாருங்க. அத்தனை கம்பி (ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து சேர்ற கோடு) வரும். 5க்கு 4 போட்டா காரணி 1, ஒரே கம்பியில கையெடுக்காம முடியும். 6க்கு 4ன்னா 2 கம்பி. 4க்கு 4ன்னா 4 கம்பி. ஓரத்துல மட்டும் திரும்பி, உள்ள எல்லா எடத்துலயும் வெட்டிக்கற கோலத்துக்குத்தான் இந்தக் கணக்கு. இடைப்புள்ளிக்கு இது பொருந்தாது.

சொந்தக் கோலம் எங்க ஆரம்பிக்குதுன்னா, இந்த வெட்டு எடத்துல. 4க்கு 4 கோலத்துல 24 வெட்டு எடம் இருக்கும். நாலு கம்பியையும் நாலு ஸ்கெட்ச் நிறத்துல போடுங்க. ரெண்டு வேற நிறம் வெட்டிக்கற எடம் ஒன்னை எடுத்து, அங்க வெட்டாம ரெண்டு கம்பியும் வளைஞ்சு திரும்பற மாதிரி மாத்துங்க. ரெண்டு கம்பியும் ஒன்னாயிரும். இப்படிச் சரியா மூணு எடம் மாத்தினா முழுக்கோலமும் ஒரே கம்பி. எந்த மூணு எடம்ங்கறது உங்க கையில. அதுலதான் ஒருத்தர் கோலம் இன்னொருத்தர் கோலத்துல இருந்து பிரியுது.

தப்பு எங்க வருதுன்னா, ஒவ்வொரு தடவை மாத்தினதும் நிறத்தைப் புதுசாப் போடாம அடுத்ததுக்குப் போறது. ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டற எடத்தை மாத்தினா சிலசமயம் கோலம் மறுபடி ரெண்டாப் பிரிஞ்சிரும். அப்பறம் எங்க பிரிஞ்சுதுன்னு தேடறது பெரிய பாடு. ஒரு மாத்தம், ஒரு பக்கம். அடுத்த மாத்தத்துக்கு அடுத்த பக்கம். ரெண்டாவது தப்பு, ஒரு மூலையில மாத்திட்டு மத்த மூலையை மறந்தறது. நாலு பக்கமும் ஒத்துப்போகணும்னு ஆசைப்பட்டா மாத்தத்தையும் நாலு பக்கமும் போடணும், அப்பக் கம்பி எண்ணிக்கை வேற மாதிரி வரும். ஒரே கம்பியும் வேணும், நாலு பக்கமும் ஒரே மாதிரியும் வேணும்னா அதுக்கு எந்தப் புள்ளி எண்ணிக்கை சரிப்படும்னு தேடறதே மாசக்கணக்குல போற பயிற்சி. சலிக்கவே சலிக்காது.

நோட்டுல வந்ததை வாசல்ல போடறப்ப புள்ளி இடைவெளியை நாலு விரல் வைங்க. ரெண்டு விரல் வெச்சா வளைவு எல்லாம் மூலையா மாறிரும்.

சென்னிமலை அக்கா (சென்னிமலை)

தம்பி கேட்ட மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. பார்த்துச் செய்யறது தப்பில்லை கண்ணு. பார்க்காம யாரும் கத்துக்கிட்டதில்லை. ஆனா ஒரே எடத்துல பார்த்துச் செஞ்சா அது நகல்.

செய்ய வேண்டியது: மூணு வேற வேற எடத்துல இருந்து எடுங்க, மூணும் ஒரே ஜாதிப் பொருளா இருக்கக்கூடாது. பெட்ஷீட் டிசைன் பண்ணணும்னா ஒன்னு துணி, ஒன்னு கோயில் தூண், ஒன்னு மஞ்சக்காடு. ஒவ்வொன்னுலயும் ஒரே ஒரு குணத்தை மட்டும் எடுக்கணும். துணியில நிறம், தூண்ல அடுக்கு, காட்டுல இடைவெளி. பார்த்து வரையுங்க, நோட்டை மூடிருங்க. மறுநாள் பார்க்காம ஞாபகத்துல வரையுங்க. ஞாபகம் எதை விட்டுச்சு, எதைச் சேர்த்துச்சுன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அந்த வித்தியாசம்தான் உங்க கை. அதைப் பெருசாக்கி மூணாவது படம் போடுங்க.

போட்டோவைப் போன்ல வெச்சுக்கிட்டே வரைஞ்சா இது நடக்காது. போன் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும், நீங்க எதையும் விடவும் மாட்டீங்க, சேர்க்கவும் மாட்டீங்க.

ஊத்துக்குளி ரோடு (திருப்பூர்)

எனக்கு ஒரு மாறுபட்ட கருத்துங்க. அட்டை, நோட்டு, கோலம்னு எல்லாரும் சொல்றதைப் பார்த்தா தெனமும் செய்யணும் போல இருக்கு. பன்னெண்டு மணி நேரம் வேலை பார்த்துட்டு வந்த உடம்புக்கு ராத்திரி பத்து மணிக்கு அட்டை சுத்தச் சொன்னா ரெண்டு நாள்ல விட்டுரும். ஞாயிறு நாலு மணி நேரம் உக்காந்தா பத்தாதுங்களா?

வாசிப்பறை (ஈரோடு)

ரெண்டும் வேணும், ஆனால் ரெண்டுக்கும் வேலை வேறு. ஒரு யோசனை எப்படி உருவாகிறது என்பதை 1926ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரஹாம் வாலஸ் நாலு கட்டமாகப் பிரித்தார்: விஷயத்தைச் சேகரித்து மண்டையில் ஏற்றுவது, அதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிற ஊறல் காலம், திடீரென்று பிடிபடுவது, பிறகு அது சரியா என்று சோதிப்பது. ஞாயிறு மட்டும் உட்காருகிறவருக்கு ஒரே மூச்சில் இந்த நாலையும் முடிக்க வேண்டியிருக்கிறது. ஊறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால்தான் நாலு மணி நேரம் போன பிறகும் வெறும் தாள் மிஞ்சுகிறது. மாவு கரைத்த உடனே இட்லி ஊற்றுகிற மாதிரி.

இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். செய்கிற வேலை எல்லாம் ஞாயிறு: அட்டை சுத்துவது, வெட்டுவது, தைப்பது. வார நாட்களில் ஐந்து நிமிடம் மட்டும், ராத்திரி படுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். விடை தேட வேண்டாம். கேள்வி குறிப்பாக இருக்கணும். "புதுசா என்ன பண்ணலாம்" என்பது உதவாது. "இந்த அட்டையில் மஞ்சளை நடுவில் இருந்து ஓரத்துக்குக் கொண்டு போனால் எதை அகலமாக்கணும்" என்பது உதவும். காலையில் பஸ்ஸிலோ நடையிலோ தோன்றுவதை ஒரு வரி எழுதுங்கள்.

நடை என்று சும்மா சொல்லவில்லை. 2014ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, உட்கார்ந்தவர்களைவிட நடந்தவர்களுக்கு அதிகம் தோன்றியது. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தபோதும் அப்படித்தான். ஆனால் ஒரே விடை உள்ள புதிருக்கு நடை உதவவில்லை. ஆகவே யோசனை பெருக்க நடங்கள். அளவு போட, கணக்குப் பார்க்க உட்காருங்கள்.

காதில் பாட்டோ, கையில் போனோ இருந்தால் அந்த நடை இதற்கு ஆகாது.

ஊத்துக்குளி ரோடு

இது ஒத்துக்கறேனுங்க. ராத்திரி ஒரு கேள்வி எழுதறது எந்த உடம்புக்கும் முடியும்.

இன்னொரு சந்தேகம். எங்க யூனிட்ல மாசம் ஒருக்கா எல்லாரையும் உக்கார வெச்சு "ஐடியா சொல்லுங்க"ங்கறாங்க. சூப்பர்வைசர் ஒன்னு சொல்றாரு, எல்லாரும் தலையாட்டறாங்க. முடிஞ்சுது.

வாசிப்பறை

அது முறையின் கோளாறு, ஆட்களின் கோளாறு இல்லை. 1958லேயே யேல் பல்கலைக்கழகத்தில் இதைப் பார்த்துவிட்டார்கள். நாலு பேர் கூடி உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, நாலு பேர் தனித்தனியாக எழுதியதை ஒன்றாகச் சேர்த்தபோது அதிகம் வந்தது. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் யோசனையை மறந்துவிடுகிறார்கள், அல்லது விழுங்கிவிடுகிறார்கள்.

யூனிட்டில் செய்யக்கூடியது: கேள்வியை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் பேச்சே இல்லை, ஆளுக்கு ஐந்து சீட்டு, சீட்டுக்கு ஒரு யோசனை, பெயர் வேண்டாம். எழுதத் தயங்குகிறவர்கள் இருந்தால் படமாகப் போடட்டும், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதட்டும். எல்லாச் சீட்டையும் கலக்கி ஒருவர் வாசிக்கணும். சூப்பர்வைசர் கடைசியில்தான் பேசணும். ஒரு சீட்டையாவது அந்த வாரமே செய்து பார்க்கணும். செய்து பார்க்கவில்லை என்றால் அடுத்த மாதம் சீட்டு வெறுமையாகத்தான் வரும்.

அவினாசி கட்டிங் (அவினாசி)

நூல், கோலம் எல்லாம் வந்துருச்சு. துணியில எறங்கறவங்களுக்கு ஒன்னு. கட்டிங் வேஸ்ட்டை ஒட்டுப்போட்டு பை, குழந்தைச் சட்டைன்னு செய்யப் போறவங்க பெரும்பாலும் தைச்சு, ஒரு தடவை தொவைச்சதும் கைவிட்டர்றாங்க. கோணிப் போயிரும், சுருக்கம் விழும். காரணம் டிசைன் இல்லைங்க, சுருங்கற அளவு.

ஒவ்வொரு துணியிலயும் 25 செ.மீ. சதுரம் பேனாவுல குறிங்க. தொவைச்சுக் காயவெச்சு மறுபடி அளங்க. 24 வந்தா 4 சதவீதம் சுருங்குது. பக்கத்துல பக்கத்துல வர்ற ரெண்டு துணிக்கும் இந்த வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல போனா சேர்த்துத் தைக்காதீங்க. 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணியோட 240ஐ ஒட்டினா லேசான துணிதான் அலையும். துணியோட நீளவாக்கு எந்தப் பக்கம்னு பார்த்து எல்லாத் துண்டையும் ஒரே வாக்குல வைங்க. சிங்கிள் ஜெர்சி (சாதா டி-ஷர்ட் துணி) பக்க ஓரம் பின்னாடி சுருளும், மேல் கீழ் ஓரம் முன்னாடி சுருளும், அதனால வெட்டின உடனே தைச்சிரணும். ஊசி 75/11 பால் பாயிண்ட் (முனை உருண்டது). சாதா ஊசி போட்டா துணியோட லூப்பை (பின்னல் கண்ணி) அறுத்துரும், தொவைச்ச பொறவு ஓட்டையாத் தெரியும். ஓவர்லாக் மெஷின் இருந்தா அதுலயே சேருங்க. சாதாத் தையல் மெஷின்ல நேர்த்தையல் போட்டா துணி இழுபடறப்ப நூல் அறும்.

ஒரு முக்கியமான விஷயம், கம்பெனி வேஸ்ட்டா இருந்தாலும் கேட்டு, கேட் பாஸ் வாங்கித்தான் வெளிய கொண்டு வரணும்.

கோல நோட்டு

எல்லாத்தையும் அப்படியே வெச்சு ஒன்னை மட்டும் மாத்தற விதி சமையல் பண்றவங்களுக்கும்தான். அரிசிம்பருப்பு சாதத்துல தண்ணி, உப்பு, தாளிப்பு எல்லாம் வழக்கம்போல வெச்சுட்டு பருப்பை மட்டும் மாத்திப் பாருங்க. ரெண்டு மாத்தினீங்கன்னா எது ருசியைக் குடுத்துச்சுன்னு தெரியாது.

நொய்யல்கரை

ரொம்பத் தெளிவாயிருச்சுங்க. நூல் அட்டையில ஆரம்பிக்கறேன், ராத்திரி கேள்வியோட. ரெண்டு சந்தேகம். அட்டை நல்லா வந்தா வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல, இன்ஸ்டாவுல போடலாமா? அந்தப் பட்டையை நிஜத்துணியா ஓட்டிப் பார்க்க வழி இருக்குதுங்களா?

வாசிப்பறை

முதல் சந்தேகத்துக்கு. சும்மா பழகுகிற அட்டை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஆரம்பக் காலத்தில் வேண்டாம் என்பதே என் யோசனை. லைக் எதற்கு விழுகிறதோ அதையே திரும்பச் செய்யக் கை பழகிவிடும். பன்னிரண்டும் முடிந்த பிறகு, தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டி "இதில் எது உங்கள் கண்ணை நிறுத்துகிறது" என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

விற்கிற எண்ணம் இருந்தால் கதை வேறு. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி ஒரு டிசைனைப் பதிவு செய்யணும் என்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன் அது வெளியாகியிருக்கக் கூடாது. ஸ்டேட்டஸில் போட்டதும் வெளியீடாக எடுத்துக்கொள்ளப்படலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், பாதுகாப்பு 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். பட்டறைக்காரர் சொன்ன மாதிரி கருவி ஏதாவது என்றால் அது காப்புரிமை. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு, ஆன்லைனில் தனிநபருக்கு 1,600 ரூபாய், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுத்தாகணும். இதைவிட முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் அப்பாயின்மெண்ட் ஆர்டர். சம்பளத்துக்குச் செய்த டிசைன் கம்பெனிக்குத்தான் சொந்தம். வீட்டில், சொந்த நூலில், சொந்த நேரத்தில் செய்ததைத் தேதியோடு தனி நோட்டில் வையுங்கள்.

நிட்டிங் மாஸ்டர் (திருப்பூர்)

ரெண்டாவது சந்தேகம் எங்க பக்கம் வருது. அட்டையில என்ன வேணா சுத்தலாம் தம்பி, நிட்டிங் மெஷின்ல ஃபீடர் (நூல் ஊட்டற முனை) எண்ணிக்கைதான் எல்லை. ஆட்டோ ஸ்டிரைப்பர் (தானா நிறம் மாத்தற) மெஷின் கேட்டா வாடகையும் குறைஞ்சபட்ச கிலோவும் கட்டுபடி ஆகாது. சாதா சிங்கிள் ஜெர்சி மெஷின்ல ஃபீடர் ஸ்டிரைப்பா (ஃபீடருக்கு ஒரு நிற நூல் மாட்டி) ஓட்டுங்க.

24 இன்ச் விட்டமுள்ள மெஷின், விட்டத்துல இன்ச்சுக்கு 3 ஃபீடர்னா 72 ஃபீடர். ஒரு சுத்துக்கு 72 கோர்ஸ் (குறுக்குப் பின்னல் வரிசை) விழும். ஒரு செ.மீ.க்கு 18 கோர்ஸ் வர்ற துணின்னா ரிப்பீட் (பட்டை அடுக்கு திரும்ப வர்ற நீளம்) அதிகபட்சம் 4 செ.மீ. அதுக்கு மேல பட்டை அடுக்கு போகாது. ரிப்பீட் கோர்ஸ் எண்ணிக்கை 72ஐ மீதியில்லாம வகுக்கணும்: 72, 36, 24, 18, 12. உங்க ரெண்டாவது அட்டையில 2, 4, 8, 16 மி.மீ. சேர்த்து 30 மி.மீ. அப்படின்னா 54 கோர்ஸ், அது 72ஐ மீதியில்லாம வகுக்காது. 40 மி.மீ.க்கு நீட்டி 72 ஆக்குங்க. 5, 10, 19, 38 கோர்ஸ்னு பிரிச்சா உங்க விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும்.

அடுத்த அட்டையில இருந்து மி.மீ.யை விட்டுட்டு கோர்ஸ் கணக்குலயே திட்டம் போடுங்க. நாலு நிறத்துக்கும் நூல் கவுண்ட் (தடிமன்) ஒன்னா இருக்கணும், இல்லைன்னா பட்டை மேடும் பள்ளமுமா வரும். அடர்நிறம் பக்கத்துல வெள்ளை ஓட்டினா பஞ்சு பறந்து வெள்ளையில ஏறும், ஓட்டறதுக்கு முன்னாடி மெஷினை ஏர் அடிச்சுச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஒரு சுத்துக்கு 4 செ.மீ. எறங்கறதால பட்டை லேசாச் சாய்ஞ்சுதான் வரும். பக்கத் தையல்ல பட்டை சேரணும்னா ஓபன் வித்துல (குழாய்த்துணியை வெட்டி விரிச்சு) ஃபினிஷிங் பண்ணறப்ப நேராக்கச் சொல்லணும். சிவப்பு இருந்தா, ஓட்டின துணியில கையகலம் வெட்டி வெள்ளைத் துணியோட சேர்த்து 40 டிகிரி சோப்புத் தண்ணியில அரை மணி நேரம் ஊறவெச்சு அலசுங்க. வெள்ளையில கறை ஏறினா அந்தச் சிவப்பு நூல் கோனை மாத்திட்டு மறுபடி ஓட்டுங்க.